துக்கத்தைத் தின்கிற பேய் ஏன் கடைக்குட்டியைத் தேடிப் போகிறது?

ஆயர் ஈத்தாம் அக்கா எழுதியது:

'தி பூகிமேன்' பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வாருங்கள். 2023 ஜூனில் வந்தது, ராப் சாவேஜ் இயக்கியது. கதை மொத்தத்தையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

அந்தப் பேய் குடும்பத்தின் துக்கத்தையும் பயத்தையும் தின்று வாழ்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சரி. ஹார்ப்பர் வீட்டில் அம்மா கார் விபத்தில் போய்விட்டார். அப்பா வில் மனநல ஆலோசகர். ஊரார் அழுகையை வீட்டிலேயே உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு கேட்கிறவர், சொந்த மகள்கள் அம்மா பேச்சை எடுத்தால் மட்டும் நழுவிவிடுகிறார். மூத்தவள் சேடி அம்மாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், அங்கே அதில் கறைபடுத்திவிடுகிறார்கள். துக்கம்தான் வேண்டும் என்றால் இவர்கள் இரண்டு பேரிடமும் கொட்டிக் கிடக்கிறதே! அது நேராகப் போவதோ சின்னவள் சாயரிடம். அவள் கட்டிலுக்கு அடியில், அவள் அலமாரிக்குள். அவளிடம் அதிகம் இருப்பது இருட்டுப் பயம். பெரிய சாப்பாட்டை விட்டுவிட்டு ஏன் அங்கே போகிறது?

இது என் கேள்வி இல்லை, என் தம்பி கேட்டது. படிவம் இரண்டு படிக்கிறான். எங்கள் அம்மா தவறியதிலிருந்து அவன் அறையில் படுப்பதில்லை, ஹாலில் அம்மா படத்துக்குக் கீழேதான் பாய் போடுவான். படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு இரவெல்லாம் எரியும். அப்பா லாரி ஓட்டுகிறார். வந்ததும் "பசியாறிட்டீங்களா" என்று கேட்பார், அதற்கு மேல் பேச்சு கிடையாது. அம்மா படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், ஆனால் அந்த பல்பு ஃபியூஸ் போனால் அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிடுவார். டிவிக்குக் கீழே உள்ள டிராயரில் அதே பல்பு வரிசையாக வாங்கி வைத்திருக்கிறார்.

படம் முடிந்ததும் தம்பி, "அக்கா, அது அப்பாவைத்தானே முதல்ல பிடிக்கணும்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். "படம்தானே, விடுங்க" என்று யாரும் எழுதாதீர்கள். அதை நானே அவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

---

செந்தூல் வாசகன் எழுதியது:

அக்கா, மூலக்கதையைப் படித்தால் பாதி பதில் கிடைக்கும். ஸ்டீபன் கிங் 1973இல் எழுதிய சிறுகதை, 1978இல் 'நைட் ஷிஃப்ட்' தொகுப்பில் சேர்ந்தது. அதில் ஹார்ப்பருக்குக் குடும்பமே கிடையாது, அவர் வெறும் டாக்டர். கதை முழுக்க அவரிடம் வரும் நோயாளி லெஸ்டர் பில்லிங்ஸ் சோபாவில் படுத்துக்கொண்டு, தன் மூன்று பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்த கதையைச் சொல்வதுதான். படத்திலும் இதே லெஸ்டர் வருகிறார், ஆனால் கொஞ்ச நேரம்தான்.

கதையில் வரும் லெஸ்டரைப் பார்த்தால் பாவம் என்றே தோன்றாது. பிள்ளை இருட்டுக்குப் பயந்து அழுதால் விளக்குப் போட விடமாட்டான். சின்ன வயதிலேயே அந்தப் பயம் தெளியாவிட்டால் பிறகு தெளியவே தெளியாது என்பது அவன் கொள்கை. (நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.) கடைசிப் பிள்ளையைத் தங்கள் அறையிலேயே படுக்க வைத்திருந்தவன், அது தன்னையும் நெருங்குகிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையைத் தூக்கித் தனி அறையில் போடுகிறான். அது எங்கே போகும் என்று தெரிந்தேதான் போடுகிறான். படித்து முடித்தபோது பேயைவிட இவன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அதாவது கதையில் அது துக்கத்தைத் தின்கிறது என்று எங்கேயும் இல்லை. தகப்பனின் கோழைத்தனம்தான் மையம். துக்கத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள் படத்துக்கு எழுதியவர்கள். ஆனால் லெஸ்டர் வாயால் ஒரு வசனம் சொல்ல வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: நீங்கள் கவனிக்காமல் இருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைகளைத் தேடி வருவது அது, என்று. எனக்கு அந்த வசனமே போதும். துக்கத்தில் பெரியவர்களின் கவனம் போய்விடுகிறது, அந்தச் சந்தில் அது நுழைகிறது. தின்பதற்கு வந்தது பிள்ளைகளைத்தான்.

---

இடைவேளை முறுக்கு எழுதியது:

ரொம்ப யோசிக்கிறீங்க எல்லாரும். சின்னப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தால் தியேட்டரே மூச்சைப் பிடிக்கும். அப்பா எட்டிப் பார்த்தால் யாருக்கு என்ன? அதனால் பிள்ளை. முடிந்தது.

எனக்குப் பிடித்தது அந்த நிலா மாதிரி விளக்குப் பந்து. சாயர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அது இருட்டில் உருண்டு போகப் போக, எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே மட்டும் நமக்குத் தெரியும். பெரிய செட்டு வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம், ஒரு பந்து போதும். இதே இயக்குநர்தான் 2020இல் ஊரடங்கு நேரத்தில், நடிகர்களை அவரவர் வீட்டிலேயே உட்கார வைத்து, ஸூம் அழைப்பிலேயே 'ஹோஸ்ட்' எடுத்தவர். கையில் இருப்பதை வைத்து மிரட்டத் தெரிந்த ஆள். பேயின் முழு உருவத்தைக் காட்டின பிறகு எனக்குப் பயம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

---

பழைய ரீல் எழுதியது:

முறுக்கு தம்பி, தங்காச்சி கேட்டது இயக்குநரைப் பற்றி இல்லை, பேயைப் பற்றி.

நம்ம ஊர்ப் பேய்களுக்கு ஒரு வரலாறு இருக்கும். 1957இல் மலாய் மொழியில் 'பொந்தியானாக்' படம் எடுத்த பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். மரியா மெனாடோ நடித்தார். கணவனைப் பாம்பு கடித்துவிட, விஷத்தை உறிஞ்சப் போனவள் ரத்தத்தை ருசித்துப் பேயாகிறாள். எவ்வளவு பரிதாபம் பாருங்கள்! 2011இல் வந்த 'காஞ்சனா'வும் அப்படித்தான். முதல் பாதியில் நம்மை அலற வைத்த பேய், இரண்டாம் பாதியில் பிளாஷ்பேக் சொன்னதும் நாமே அதற்குக் கண் துடைத்துவிடுகிறோம். துக்கப்படுவது பேய், நியாயம் கேட்பதும் பேய். கேட்டதைக் கொடுத்தால் போய்விடும்.

இந்த வெள்ளைக்காரப் பேய்க்குப் பிளாஷ்பேக் கிடையாது. யார், எங்கிருந்து வந்தது, யாரால் செத்தது, ஒன்றும் இல்லை. கேட்க ஒரு நியாயமும் இல்லாததோடு எதைச் சொல்லிச் சமாதானம் பேசுவது? எனக்கு அந்த இடம்தான் கிலி.

செந்தூல் தம்பி சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. லெஸ்டர் வீட்டைப் பாருங்கள். மூன்று பிள்ளைகள், ஒவ்வொன்றாக. அத்தனை பலம் உள்ளது ஒரே ராத்திரியில் முடித்திருக்கலாமே? முடித்தால் வீடு காலியாகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்தால் மிச்சம் இருப்பவர்களின் துக்கம் இரட்டிப்பாகும், பயம் அதற்கு மேல். ரப்பர் மரத்தில் தினம் ஒரு கீறல் போட்டுப் பால் எடுப்பது மாதிரி. மரத்தை வெட்டினால் நாளைக்குப் பால் ஏது? நான் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அப்படிப் பார்த்தால் கடைக்குட்டி சரியான தேர்வுதான். அப்பா செத்தால் அத்தையோ சித்தியோ வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை செத்தால் அந்த வீட்டுக் கதவு யாருக்கும் திறக்காது.

---

இரவு ஷிஃப்ட் எழுதியது:

பாயான் லெப்பாஸிலிருந்து வேலை முடிந்து வந்து இதைப் படிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு இந்தப் படத்தில் குறை அதன் முடிவில். நிலவறையில் வைத்து நெருப்பில் எரிக்கிறார்கள், அத்தோடு தீர்ந்ததாம். இதே விஷயத்தை 2014இல் ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் கென்ட் 'தி பாபடூக்'கில் எடுத்தார். பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான், அதே நாளில் மகன் பிறக்கிறான். அதனால் அந்தப் பையனுக்குச் சரியான தேதியில் ஒரு தடவைகூடப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. அம்மாவுக்கு மகனைப் பார்க்கும்போதெல்லாம் செத்தவன் ஞாபகம். வீட்டுக்குள் வந்த பேயை அவள் கொல்லவில்லை. அடக்கி நிலவறையில் வைத்து, கிண்ணத்தில் புழு எடுத்துப்போய்க் கொடுக்கிறாள். அது சீறுகிறது, இவள் பயப்படுகிறாள், சமாதானப்படுத்துகிறாள், கிண்ணத்தை வைத்துவிட்டு வருகிறாள். பிறகு மேலே வந்து மகனின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள்.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஃப்ளாட்தான் ஞாபகம் வந்தது. பினாங்கில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல வருடங்களில் நம் ஆடி அமாவாசை முடிந்த கையோடு சீனர்களின் ஏழாம் மாதம், பசித்த ஆவிகள் வருவதாக அவர்கள் நம்பும் மாதம், தொடங்கிவிடும். நான் மேலே அப்பாவுக்கு வடை பாயசத்தோடு இலை போட்டுப் படைத்துவிட்டுக் கீழே இறங்கினால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் ஊதுபத்தி நட்டு, ஆரஞ்சுப் பழமும் சோறும் வைத்துக்கொண்டிருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். மேடைக் கூத்து நடக்கிற இடத்தில் முன்வரிசை நாற்காலிகளை அந்த ஆவிகளுக்கென்று காலியாக விட்டிருப்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அங்கே உட்காரக் கூடாது என்று தெரியும். இங்கே பசித்து வந்ததை யாரும் எரிப்பதில்லை, சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். படையல் காகிதத்தைத்தான் எரிக்கிறோம்!

'பூகிமேன்' எடுத்தவர்களுக்கே அந்த நெருப்பில் நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்து ஆலோசகர் அறையை விட்டு வெளியே வந்த சேடி, குரல் கேட்டுத் திரும்பிப் போகிறாள். அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. போய்ச் சாத்துகிறாள். எரிந்து போனதற்கு எதற்கு அந்தக் கதவு?

---

ஆயர் ஈத்தாம் அக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பிக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ரப்பர் மரம் அவனுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி என்றால் கடைசியில் ஏன் அப்பாவையும் நிலவறைக்கு இழுத்துப் போகிறது என்று மடக்குகிறான். பழைய ரீல் அண்ணே, இதற்கு உங்கள் கணக்கில் பதில் வராது.

அவனே ஒரு பதில் வைத்திருக்கிறான். அப்பா ஒன்றும் கேட்காமல், ஒன்றும் பார்க்காமல் இருக்கும் வரைக்கும் அவர் அந்தப் பேய்க்கு வேலைக்காரர் மாதிரியாம். பிள்ளைகள் கத்தினால் "ஒன்றும் இல்லை, படு" என்று விளக்கை அணைத்துக் கொடுப்பவரே அவர்தானே, அவரை எதற்குத் தொட வேண்டும் என்கிறான். கடைசியில் அவர் நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார், இனி அதற்கு உபயோகப்பட மாட்டார். அப்போதுதான் கை வைக்கிறது. லெஸ்டரையும் பிள்ளைகள் எல்லாம் போன பிறகுதானே எடுத்தது என்று அதையும் சேர்த்துக்கொண்டான். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. பதின்மூன்று வயதுக்காரனுக்கு இது எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மூடிக்கொண்டுவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த நிலவறைக் காட்சியை மறுபடி போட்டு எனக்கு நிரூபித்துக்கொண்டிருந்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டோடு வந்து பின்னால் நின்று பார்த்தார். "இவ்வளவு பெரிய வீட்ல கரண்டு பில் கட்டலையா? எல்லா லைட்டையும் போட வேண்டியதுதானே" என்றார். தம்பி கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். அப்பா குறுக்கே கேள்வி கேட்டுக் கேட்டு, அவன் கடுப்பாகி, படம் அப்படியே நின்றுபோனது.

அடுத்தது 'பாபடூக்'. புழு எல்லாம் சாப்பிடும் நேரத்தில் போடக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

---

இடைவேளை முறுக்கு எழுதியது:

உங்க அப்பா கேட்டதுதான் இந்தத் திரியிலேயே உருப்படியான கேள்வி.

---

பழைய ரீல் எழுதியது:

தம்பி மடக்கியது மடக்கியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லெஸ்டர் கணக்கு எனக்கும் சாதகம்: பால் வற்றிய மரத்தைத்தான் வெட்டுவார்கள். அவனிடம் சொல்லிப் பாருங்கள், என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.