ஹோர்மோன் ஊசி போடுகிறேன், பிசிவி 53 வந்திருக்கிறது. அடுத்த ஊசியைப் போடலாமா?

உவர்மலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது, இருப்பது திருகோணமலை, வேலை சீனக்குடாப் பக்கம், நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலைதான். போன வருடக் கடைசியிலிருந்து ஒரே அலுப்பு. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளோடு கதைக்கவும் மனம் வராது, மற்ற விசயத்திலும் நாட்டம் குறைந்துபோனது. கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹோர்மோன் குறைவு என்று சொல்லி, மூன்று கிழமைக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி எழுதித் தந்தார்கள். ஊசியை இங்கேயே போட்டுக்கொள்கிறேன். நாலு மாதம் ஆகிறது, உடம்பும் மனமும் நன்றாகத் தேறிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது வேறொரு தேவைக்கு எஃப்பிசி என்கிற முழு இரத்தப் பரிசோதனை எடுத்தபோது ஹீமோகுளோபின் 17.6, பிசிவி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, நூற்றுக்கு 53 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டைத் தந்த தம்பி "ஐயா, காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்று கேட்டார், காய்ச்சல் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஐம்பது வயது தாண்டியதும் காலில் இரத்தம் கட்டி நீண்ட காலம் இரத்தம் இளக்குகிற வாபரின் குளிசை குடித்தவர், அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த கிழமை ஊசி நாள், அதே கிழமை கிளினிக்குக்காக இரவு பஸ்ஸில் கொழும்பு போகவும் வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டுப் போகலாமா, போடாமல் விடுவதா?

பழைய மருந்தாளர்:

தம்பி, கிளினிக் டொக்டரோடு கதைக்கும்வரை அந்த ஊசியைத் தள்ளிப்போடுங்கள். ஊசிக்கு முன்னால் போனில் கேட்டுவிடலாம், ஒரு கிழமை பிந்தினால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஏன் சொல்கிறேன் என்றால், டெங்குக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் பிசிவி பழகிப்போன சொல், 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது வீட்டுக்கு வீடு அந்த எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெங்கில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயைவிட்டு வெளியே கசிவதால் பிசிவி ஏறும். உங்களுக்கு ஏறியிருப்பது வேறு வழியில். டெஸ்டோஸ்டிரோன், சிவப்பணு உண்டாகத் தூண்டுகிற, சிறுநீரகத்தில் சுரக்கிற எரித்ரோபொயட்டினைக் கூட்டும், இரும்புச்சத்தை உடம்பு அடக்கி வைப்பதற்குக் காரணமான ஹெப்சிடினைக் குறைக்கும், இரண்டும் சேர்ந்து சிவப்பணு அளவுக்கு மேல் உண்டாகி இரத்தம் தடிக்கும். தோலில் பூசுகிற ஹோர்மோன் ஜெல்லைவிட ஊசியில் இது கூடுதலாக நடக்கிறது, ஏனென்றால் ஊசி போட்ட முதல் சில நாட்களில் ஹோர்மோன் அளவு உச்சிக்குப் போய்ப் பிறகுதான் இறங்கும்.

ஹோர்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோக்ரைன் சங்கத்தின் 2018 வழிகாட்டலில் பிசிவி 48க்கு மேல் இருப்பவருக்குத் தொடங்கவே வேண்டாம் என்றும், தொடங்கிய பிறகு 54ஐத் தாண்டினால் நிறுத்திவைத்து, இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்கலாம் என்றும் இருக்கிறது. நீங்கள் 53, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அதே வழிகாட்டலில் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறது. தொடங்குமுன் உங்களுக்கு எவ்வளவு இருந்தது என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள், அந்த எண் இல்லாமல் 53ஐ வைத்து டொக்டரும் பாதிதான் சொல்லலாம். இங்கத்தே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இரத்தம் கொடுத்தாலும் பிசிவி ஏறிக் காட்டும், அதனால் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒருமுறை திரும்ப எடுங்கள். புகைப்பீர்களா, இரவில் பெரிதாகக் குறட்டை விடுவீர்களா? இரண்டுமே தனியாகப் பிசிவியை ஏற்றும்.

இன்னொன்று, பிசிவி சரியாக இருந்தால் பயமே இல்லை என்றும் எடுக்கக்கூடாது. சிவப்பணு கூடாதவர்களிடமும் இரத்தக் கட்டி கண்டதால்தான் 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளிலும் நாளத்தில் இரத்தம் கட்டுவது பற்றிப் பொதுவான எச்சரிக்கை போடச் சொன்னது. உங்கள் அப்பாவின் கதை அதனால்தான் முக்கியம். இரத்தம் கட்டும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், அப்படிப்பட்டவருக்கு ஹோர்மோன் மேலும் தூண்டிவிடலாம். கிளினிக்கில் அதை யாராவது கேட்டார்களா?

நிலாவெளி ஓட்டக்காரன்:

அண்ணா, ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் பயந்துபோய் நீங்களாகவே முழுக்க நிறுத்திவிட வேண்டாம். 2023இல் வெளிவந்த ட்ராவர்ஸ் என்ற பெரிய ஆய்வில் 45 முதல் 80 வயது வரையான, ஏற்கனவே இருதய வருத்தம் உள்ள அல்லது வரக்கூடிய, 5,200க்கும் கூடுதலான ஆண்களில் பாதிப் பேருக்கு ஜெல்லும் மீதிப் பேருக்கு வெற்று ஜெல்லும் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தது ஹோர்மோன் ஜெல் பக்கம் நூற்றுக்கு 0.9, வெற்று ஜெல் பக்கம் 0.5. கூடித்தான் இருக்கிறது, ஆனால் எண் சிறியது. உங்களுக்கு உண்மையிலேயே குறைவு என்றால் சிகிச்சையால் பலனும் உண்டு.

உண்மையிலேயே குறைவா என்பதுதான் என் கேள்வி. காலையில் வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இரண்டு தரம் எடுத்தார்களா? பின்னேரம் எடுத்தால் பலருக்கும் குறைவாகத்தான் காட்டும். மூளையடிச் சுரப்பியிலிருந்து வருகிற எல்எச், புரோலாக்டின் ஹோர்மோன்களைப் பார்த்தார்களா? தொப்பை, சீனி வருத்தம், நித்திரைக் குறைவு இருந்தாலும் இறங்கும், அதைச் சரிசெய்தாலே பலருக்கு ஏறிவரும்.

தையல் அக்கா, சாம்பல்தீவு:

தம்பிமார் எண்களைக் கதைக்கிறீர்கள், நான் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். என் கணவருக்கு 51 வயது, இதே மாதிரி ஊசி. ஊசி தொடங்கி மூன்று நாலு மாதத்தில், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது இடது காலில் காலுறையின் இறப்பர் ஆழமாகப் பதிந்திருந்தது, வலது காலில் ஒன்றுமில்லை. நோவும் பெரிதாக இல்லை, கெண்டைக்கால் இழுக்கிறது என்றார், அவ்வளவுதான். மாமி நோ எண்ணெய் போட்டு உருவிவிடப் பார்த்தா, நான் விடவில்லை. தையல் ரேப்பை எடுத்து இரண்டு முழங்காலுக்கும் கீழே ஒரே இடத்தில் அளந்தேன், நாலு சென்டிமீற்றர் வித்தியாசம். கையை வைத்தால் அந்தக் கால் மட்டும் சூடு.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போனவுடனேயே இப்படி ஹோர்மோன் ஊசி போடுகிறவர் என்று சொல்லி மருந்துப் பெட்டியையும் காட்டினேன், அது பெரிய உதவியாக இருந்தது என்று டொக்டரே சொன்னார். டொப்ளர் ஸ்கானில் இரத்தக் கட்டி தெரிந்தது. வயிற்றில் ஊசி, பிறகு இரத்தம் இளக்குகிற குளிசை, ஹோர்மோனை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நல்ல சுகம். சிலருக்குக் கெண்டைக்காலில் உண்டான கட்டியின் துண்டு உடைந்து நெஞ்சுக்குப் போய்விடுமாம், அதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரையே இல்லை. தம்பி, இரண்டு காலையும் ஒவ்வொரு நாளும் பாருங்கள், மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

உவர்மலைக்காரன்:

அக்கா, வாசித்துவிட்டு உடனே அளந்தேன், இரண்டு காலும் ஒரே அளவு. பரிசோதனை ஒரே ஒருமுறைதான், அதுவும் பின்னேரம் மூன்று மணிபோல. அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொடங்குமுன் எடுத்த எஃப்பிசி கிடைத்தது, பிசிவி 47. ஐயா, புகைப்பது இல்லை, குறட்டை உண்டு. அஸ்பிரின் குடித்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?

பழைய மருந்தாளர்:

47இல் இருந்து நாலு மாதத்தில் 53, அந்த ஏற்றம்தான் டொக்டருக்கு முக்கியமான செய்தி. இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள், அப்பாவின் விசயத்தையும் குறட்டையையும் அதிலேயே எழுதுங்கள். ஆபத்து கூடின காலமும் இதுதான். 2016இல் பிஎம்ஜே இதழில் வந்த பிரித்தானிய ஆய்வில், வழக்கமாகப் பத்தாயிரம் ஆண்களில் வருடத்துக்கு 16 பேர் அளவுக்கு இரத்தக் கட்டி வருகிற இடத்தில், சிகிச்சையின் முதல் ஆறு மாதத்தில் இன்னும் 10 பேர் கூடியிருந்தார்கள், அதற்குப் பிறகு அந்தக் கூடுதல் குறைந்தது.

அஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம், அது இதற்கான மருந்து அல்ல, வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வழிகாட்டும். பஸ்ஸில் நடைபாதைப் பக்க இருக்கை எடுங்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், தேத்தண்ணிக்கு நிறுத்துகிற இடத்தில் இறங்கி நடங்கள். இரவில் இறங்க வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கிளினிக்கில் டோஸைக் குறைக்கவோ ஜெல்லுக்கு மாற்றவோ அல்லது நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துக் காலையில் முறையாகப் பரிசோதிக்கவோ சொல்வார்கள். கேட்டால் நான் கடைசியையே விரும்புவேன், உங்களுக்குக் குறைவு என்பதே இன்னும் உறுதியாகவில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கினால் விடியட்டும் என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு முட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஓட்டோ தேடி நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், காசு இல்லை, வழியிலேயே ஒட்சிசன் கொடுப்பார்கள். பஸ்ஸில் இருக்கும்போது வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறங்கிவிடுங்கள்.