ராணுவத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில்கள்

ஆற்காட்டுவாசி:
ஜம்மு வழியாகக் கட்ரா செல்லும் அந்தமான் எக்ஸ்பிரஸில், விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த, நாயக் பதவியிலுள்ள ராணுவ வீரர் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். நாட்டுப்பற்று என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இருக்கைக்கு அடியிலிருந்த கறுப்புத் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, மூடியின் உட்புறத்தைக் காட்டினார். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் அவரே பென்சிலால் வரைந்த வீட்டு வரைபடம் அங்கே ஒட்டப்பட்டிருந்தது; சமையலறை, மாட்டுக்கொட்டகை, தாயாருக்குத் தனி அறை என ஒவ்வொன்றுக்கும் அடிக்கணக்கு எழுதியிருந்தார். 15 ஆண்டுச் சேவை முடிந்தால் பென்ஷன் உறுதி, அதற்குள் வீட்டை எழுப்பிவிடுவேன் என்றார். தாளின் நான்கு மூலைகளும் ஏன் கிழிந்திருக்கின்றன என்று கேட்டேன். சியாச்சின் பனிமலையில் மேலே காவல் போஸ்ட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோக முடியாது, தாளை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் என்றார். உயிரைப் பணயம் வைக்கும் வேலையில் இருப்பவர் இத்தனை நுணுக்கமாக வாழத் திட்டமிட்டிருந்தது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

கம்மவான்பேட்டைப் பெண்:
மேலே உள்ள பதிவைப் படித்தால், எல்லோரும் வீட்டுக்கும் பென்ஷனுக்கும்தான் போகிறார்கள் என்று தோன்றும். அதை நான் ஏற்கமாட்டேன். தலைமுறை தலைமுறையாக ஆட்களை அனுப்பும் எங்கள் ஊரை வேலூர்ப் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இப்போதைய அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கே ஆண்டு, பென்ஷன் கிடையாது, நிரந்தரமாக எடுக்கப்படுவோர் நூற்றுக்கு 25 பேர் வரைதான் என்பதெல்லாம் தெரிந்தே என் தம்பி அக்னிவீரனாகச் சேர்ந்தான். ஆள்சேர்ப்பு முகாமுக்குப் புறப்படும் முந்தைய இரவு, தாத்தாவின் சீருடையிலிருந்த பித்தளைப் பட்டன்களைப் புளி போட்டுத் துலக்கி, ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பளத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
இருவர் சொல்வதும் உண்மைதான். நீலகிரி வெலிங்டன் ராணுவ மையத்தில் நான் பயிற்சி அளித்த ஒரு பையன், ஊரில் ஒரு வீரரின் இறுதிச் சடங்கில் ஒலித்த பியூகிளைக் கேட்டுத்தான் ராணுவத்துக்கு வந்ததாகச் சொன்னான். பரேடில் அது ஒலிக்கும்போதெல்லாம் அவன் கண் கலங்கும்.

கம்மவான்பேட்டைச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பியிடம் சேவா நிதியைப் பற்றி இப்போதே பேசுங்கள். மாதச் சம்பளத்தில் 30 சதவீதத்தைப் பிடித்து, அரசும் அதே அளவு சேர்த்து, நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் தருவார்கள்; அதற்கு வருமான வரி இல்லை. 21, 22 வயதில் அவ்வளவு பணம் மொத்தமாக வந்தால் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முதலில் வங்கியில் வைப்புநிதியாகப் போடச் சொல்லுங்கள். சேவையில் இருக்கும்போதே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அக்னிவீரர் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடட்டும். வெளியே வர நேர்ந்தால் மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு உண்டு. அதில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு உடல்திறன் தேர்வு இல்லை என்றாலும் ஓட்டத்தை விடக் கூடாது.

கம்மவான்பேட்டைப் பெண்:
நன்றி ஐயா. நிரந்தரமாகத் தன்னை எடுத்துக்கொள்வார்கள் என்று அவன் உறுதியாக நம்புகிறான். எடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான். அந்தப் பட்டப்படிப்பில் சேர யூனிட்டில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொன்னால், அடுத்த முறை பேசும்போது அதிலிருந்தே தொடங்குவேன்.