புகை என்பது எரியாத விறகு: ராக்கெட் அடுப்பு கட்டிய அனுபவம்

சுள்ளிகளைக் கொண்டு புகை குறைவாக எரியும் ராக்கெட் அடுப்பை மூன்று முறை கட்டியவன் நான். முதல் அடுப்பு செங்கல்லும் களிமண்ணும். உள்ளே 10 செ.மீ. சதுரத் துளை, கிடையாகப் போய் வளைந்து, 30 செ.மீ. மேலே ஏறும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூட்டினால் அரை மணி நேரம் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டே இருப்பேன். அளவில்தான் பிழை என்று நினைத்து, ஒரு வாரம் திரும்பத் திரும்ப அளந்தேன்.

பிழை சுவரில் இருந்தது. கனமான சுவர், நெருப்பின் சூட்டை முதலில் தானே குடித்துவிடுகிறது. விறகிலிருந்து கிளம்பும் வாயு முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அது கிடைக்காதபோது எரியாமலே வெளியேறுகிறது. அதைத்தான் நாம் புகை என்கிறோம். 1980களில் இந்த அடுப்பை உருவாக்கிய லாரி வினியார்ஸ்கி, எரியறையைச் சுற்றி எடை குறைந்த, வெப்பம் கடத்தாத பொருள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதைப் படித்தும் நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது முறை, பெரிய தகர டப்பாவுக்குள் தகரக் குழாயை நிறுத்தி, நடுவே சலித்த மரச்சாம்பலை நிரப்பினேன். சில நிமிடங்களில் புகை அடங்கியது. குழாய்க்குள் காற்று 'ஹூ' என்று இழுக்கும் ஓசையை அன்றுதான் முதலில் கேட்டேன். எழுந்து போக மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் சில மாதங்களில் குழாய் செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டை விழுந்தது. சாம்பல் தணலுக்குள் கொட்டியது. இப்போது இருப்பது களிமண்ணில் மரத்தூள் கலந்து சுட்ட கல். தூள் எரிந்து போன இடமெல்லாம் நுண்துளை. கையில் எடுத்தால் சாதாரணச் செங்கல்லைவிட நன்றாக லேசாக இருக்கும்.

*

நான் செய்த அடுத்த பிழை விறகு வைக்கும் வாயில். சுள்ளிகளைத் தரையில் கிடத்தி வாய் நிறையத் திணிப்பேன். புகை முகத்துக்கே திரும்பும். வாயின் நடுவே ஒரு இரும்புத் தகட்டைப் பலகைபோல் வைத்தேன். மேலே சுள்ளி, கீழே காற்று. காற்று தணலின் அடியில் நுழைந்து சூடாகி, தீயோடு கலக்கிறது. சுள்ளியின் நுனி மட்டும் எரிய வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொடுத்தால் போதும். துத்தநாகம் பூசிய தகட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள், சூட்டில் கிளம்பும் ஆவி நச்சு.

*

பாத்திரத்துக்கு அடியில் விடும் இடைவெளியையும் சொல்ல வேண்டும். நான் நெருக்கமாக வைத்து அடுப்பின் மூச்சை அடைத்தேன், பிறகு அதிகம் விட்டுச் சூட்டை வீணாக்கினேன். கணக்கு எளிது. துளையின் பரப்பு 100 சதுர செ.மீ.; சுற்றளவு 40 செ.மீ. வகுத்தால் 2.5 செ.மீ. துளையின் விளிம்புக்கு மேல் அந்த இடைவெளி போதும். பாத்திரத்தைச் சுற்றித் தகர வளையம் வைத்தால், இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளிக்கும் இதே வழிதான்: 24 செ.மீ. அகலப் பாத்திரத்தின் சுற்றளவு சுமார் 75 செ.மீ.; ஆக 1.3 செ.மீ. இந்த வளையத்தை வைத்த பிறகு, அதே பாத்திரத் தண்ணீர் கொதிக்க எடுத்துவைத்த சுள்ளிக் கட்டில் பாதியளவு மிஞ்சியது.

புகை தெரியவில்லை என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. என் அடுப்பு திறந்த ஜன்னலுக்கு அடியில்தான் இருக்கிறது.