அத்தை வாங்கின ஸ்க்ரோல் சா

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

சனிக்கிழமை

அத்தை: 📷 போட்டோ

அத்தை: எல்லாரும் பாருங்க மெஷின் வந்தாச்சு. ஸ்க்ரோல் சா, மரம் அறுக்கற ரம்பம். ரிடையர் ஆனதுலேர்ந்து மாமா சொல்லிட்டே இருந்தாரு சும்மா உக்காராத எதாவது கத்துக்கோன்னு, இதோ கத்துக்கறேன்

மாமா: நான் சொன்னது யோகா

தங்கச்சி: 😂😂😂

அண்ணன்: அத்தை பாக்க அப்படியே தையல் மெஷின் மாதிரியே இருக்கே

சித்தப்பா: வேலையும் கிட்டத்தட்ட அதேதான்டா. ஊசி இருந்த இடத்துலயே நின்னு ஏறி இறங்கும், துணியத்தான் நாம திருப்புவோம்ல. இங்க ஊசிக்கு பதிலா பிளேடு, துணிக்கு பதிலா பலகை. அக்கா வாழ்த்துக்கள் 👏 எத்தன இன்ச்?

அத்தை: 16ன்னு போட்டிருக்கு. எத அளந்து 16ன்னு சொல்றாங்கன்னே தெரியல, பிளேடு அஞ்சு இன்ச் தான் இருக்கு

சித்தப்பா: பிளேடுலேர்ந்து பின்னாடி அந்த கை வளையற இடம் வரைக்கும் 16 இன்ச். அதுக்கு மேல நீளமான பலகைய சுத்தி திருப்பினா பின்னாடி இடிக்கும். பிளேடு எல்லா மெஷினுக்கும் பெரும்பாலும் அஞ்சு இன்ச் தான்

அப்பா: விரல் ஜாக்கிரதை

அம்மா: 🌸🌷 இனிய காலை வணக்கம் 🌷🌸

அண்ணன்: அம்மா மணி சாயங்காலம் ஆறு

ஞாயிறு

அத்தை: தம்பி இருக்கியா. ஒரு பென்சில் கோடு போட்டு வெட்டி பாத்தேன். நான் நேராத்தான் தள்ளறேன் ஆனா பிளேடு கோட்ட விட்டு வலது பக்கமா போயிட்டே இருக்கு 📷

அண்ணன்: பீஸே சரியில்ல அத்தை, ரிட்டர்ன் போட்டுடுங்க

சித்தப்பா: ரிட்டர்ன்லாம் வேணாம் அவசரப்படாதீங்க. அது மெஷின் கோளாறு இல்லக்கா பிளேடோட குணம். பிளேடுல பல்லு வெட்டும்போது ஒரு பக்கத்துல மட்டும் கண்ணுக்கு தெரியாத பிசிர் நின்னுடும், அந்த பக்கம் கூர்மை ஜாஸ்தியா இருக்கறதால பிளேடு அந்த பக்கமே மேயும், அனேகமா எல்லாருக்கும் வலது பக்கம்தான் இழுக்கும். அதனால பலகைய நட்ட நேரா தள்ளக்கூடாது, லேசா கோணமா வெச்சு தள்ளணும், எவ்வளவு கோணம்னு நான் சொல்ல முடியாது, வேஸ்ட் கட்டையில நாலஞ்சு கோடு வெட்டினா கையே கண்டுபிடிச்சுக்கும். புது பிளேடு மாட்டினா கொஞ்சம் மாறும் மறுபடி பழகிக்கணும்

அத்தை: அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன் 😌

சித்தப்பா: இன்னும் ரெண்டு பாக்கணும். பிளேடு எவ்வளவு டைட்டா இருக்கு? ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ப்ளக்கையும் உருவிட்டு பிளேட விரலால மீட்டி பாரு

அத்தை: டொக்குன்னு செத்த சத்தம் வருது

சித்தப்பா: அதான். கணீர்னு வரணும். டென்ஷன் ஏத்து. நடுவுல விரல் வெச்சு பக்கவாட்டுல அழுத்தினா மூணு மில்லிக்கு மேல அசையக்கூடாது. லூசா இருந்தா வளைவுல பிளேடு வயிறு தள்ளும், மேல பாத்தா கோட்டு மேலயே இருக்கும் அடியில பாத்தா வேற எங்கயோ இருக்கும்

அத்தை: ஆமா!! அடிப்பக்கம் வேற மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். மேஜ கோணலோன்னு மூலைமட்டம் தேடிட்டு இருந்தேன்

சித்தப்பா: மூலைமட்டம் இல்லாமலே பாக்கலாம். ஒரு தடிச்ச கட்டையில கொஞ்ச தூரம் மட்டும் வெட்டி நிறுத்து, கட்டைய வெளிய எடுத்து அப்படியே சுத்தி பிளேடுக்கு பின்னாடி பக்கம் கொண்டு போய் அந்த வெட்டுக்குள்ள பிளேட பின்பக்கமா நுழைச்சு பாரு. சுளுவா நுழைஞ்சா மேஜ மட்டமா இருக்கு. நுழையாம ஒரு பக்கம் இடிச்சா சாஞ்சிருக்கு, டைட் பண்ணி மறுபடி பாரு

நான்: இது செம்ம ஐடியா சித்தப்பா

சித்தி: இவருக்கு இதெல்லாம் நல்லா வரும். ஹால்ல மரத்தூள் பெருக்கத்தான் வராது

சித்தி: அண்ணி மெஷின எங்க வெச்சிருக்கீங்க?

மாமா: ஹாலில். டிவிக்கு பக்கத்தில். நியூஸ் பார்க்க முடியவில்லை

சித்தி: முதல் நாளே வெளிய தள்ளுங்க அண்ணி நான் பட்டது போதும். வெட்டற தூள விட அந்த மாவு மாதிரி பறக்கறது தான் மோசம், திரைச்சீலை ஃபேன் எல்லாத்துலயும் ஒட்டும். மாஸ்க் போடாம இவர ஒரு நாள் கூட உக்கார விடமாட்டேன். துணி மாஸ்க் இல்ல N95

சித்தப்பா: அவ சொல்றது கரெக்ட், குறிப்பா எம்டிஎஃப், அதான் மர நார அழுத்தி செஞ்ச பலகை, அத வெட்டினா. மெஷின்ல இருக்கற ஊதுகுழாய் கோட்டு மேல இருக்கற தூள தள்ளும் அவ்வளவுதான், அந்த தூள் எங்கயும் காணாம போகாது நம்ம மூக்குக்குத்தான் வரும். கண்ணாடியும் போட்டுக்கோ. துப்பட்டா முந்தானை எதுவும் தொங்கக்கூடாது

சித்தப்பா: அப்புறம் மெஷின மேஜையோட போல்ட் போட்டு முடுக்கிடு, அடியில ரப்பர் ஷீட். பாதி அதிர்வு அதுலயே போயிடும். சும்மா வெச்சு ஓட்டினா அது நகர்ந்து நகர்ந்து அத்தான் மடிக்கே வந்துடும்

மாமா: பின் ரூமுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்துவிட்டோம்

அத்தை: நாம இல்ல, அவரு

புதன்

அத்தை: தம்பி ஒரு போர்டு செய்யப்போறேன். "நல்வரவு"ன்னு. ஆறு மில்லி ப்ளைவுட். எழுத்த வரைஞ்சு பிரிண்ட் எடுத்துட்டேன் 📷

தங்கச்சி: சூப்பர் அத்தை!!

சித்தப்பா: எழுத்த வெட்டி எடுத்து பலகையில ஓட்டையா விடப்போறியா, இல்ல எழுத்தே தனியா நிக்கணுமா?

அத்தை: ஓட்டையாத்தான், பின்னாடி சுவத்து கலர் தெரியற மாதிரி

சித்தப்பா: அப்ப "வ"வ பாரு. இடது பக்கம் வட்டம் இருக்குல்ல, சுத்தி வெட்டினா அந்த வட்டத்துக்குள்ள இருக்கற மரம் பொத்துன்னு கீழ விழுந்துடும். "ல்"லயும் சுழி இருக்கு, உன் ஃபான்ட்ல அது மூடியிருக்கு, அதுவும் விழும். ஒவ்வொண்ணுக்கும் சின்னதா பாலம் விடணும், கோட்ட ஒரு இடத்துல விட்டு விட்டு வரையணும்

அண்ணன்: அப்ப எழுத்த தனியா வெட்டிட்டா பிரச்சன இல்லையே

நான்: அப்ப புள்ளி எங்க நிக்கும் 😄

அண்ணன்: அய்யோ ஆமால்ல. "ல்" புள்ளி அந்தரத்துல

அத்தை: இங்கிலீஷ்ல "ஐ"க்கும் "ஜே"க்கும் மட்டும் தான் புள்ளி, நமக்கு மெய்யெழுத்து வந்தா எல்லாத்துக்கும் புள்ளி

சித்தப்பா: அதுக்கு ஒரு வழி இருக்கு. எழுத்து ஒவ்வொண்ணையும் தனித்தனியா வெட்டி பின்னாடி வேற கலர் மரத்துல ஒரு அடிப்பலகை வெச்சு ஒட்டிடு. பாலமும் வேணாம் புள்ளியும் நிக்கும். இன்னொரு லாபம், உன் போர்டு நீளம் இருபது இன்ச் இருக்கும் போல, 16 இன்ச் மெஷின்ல முழுசா வெச்சு திருப்பவே முடியாது. தனி எழுத்துன்னா கைக்குள்ள அடங்கும்

அத்தை: வீடியோல ஒருத்தர் முறுக்கின கம்பி மாதிரி பிளேடு காட்டினாரு, எல்லா பக்கமும் பல்லு, பலகைய திருப்பவே வேணாமாம். அத போட்டா நீளம் பிரச்சன இல்லல்ல?

சித்தப்பா: ஸ்பைரல் பிளேடு. பெரிய பலகையில முகம் உருவம் மாதிரி வெட்டறவங்களுக்கு அது வரம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எழுத்துக்கு வேணாம்கா. வெட்டின ஓரம் சொரசொரன்னு வரும், கோடும் கொஞ்சம் அகலமா போகும், ப்ளைவுட்டா இல்லாம முழு மரமா இருந்தா ரேக போற பக்கம் அதுவா நழுவும். எழுத்துக்கு அழகே ஓரம் சுத்தமா இருக்கறது தான். சாதா பிளேடு 3ம் நம்பர் போடு, ரிவர்ஸ் பல் இருக்கறது கேட்டு வாங்கு, கீழ கடைசி சில பல்லு மட்டும் மேல பாத்து இருக்கும், அது இல்லேன்னா ப்ளைவுட்டோட அடிப்பக்கம் சிராய் சிராயா பேந்து நிக்கும், உப்புத்தாள் போட்டே கை வீங்கிடும்

அத்தை: என் மெஷினோட வந்த பிளேடுல ரெண்டு முனையிலும் குறுக்கால ஒரு குட்டி ஆணி இருக்கு

சித்தப்பா: அது பின் பிளேடு. மாட்ட ஈஸி, ஆனா "வ"வுக்குள்ள வட்டத்த வெட்ட பிளேட ஒரு ஓட்டையில நுழைக்கணும்ல, பின் நுழையணும்னா அஞ்சு மில்லி ஓட்டை வேணும். பின் இல்லாத பிளேடுன்னா ஒன்றரை மில்லி ஓட்டை போதும். சின்ன சுழிக்கு அஞ்சு மில்லி ஓட்டை போட்டா சுழியே காணாம போயிடும். உன் மெஷின்ல திருகி பிடிக்கற க்ளாம்ப் இருக்கான்னு பாரு

அத்தை: இருக்கு, ரெண்டும் மாட்டலாம்னு போட்டிருக்கு

சித்தப்பா: அப்ப கவலையே இல்ல

அண்ணன்: சித்தப்பா நேரா கேக்கறேன், இவ்வளவு கஷ்டத்துக்கு லேசர்ல குடுத்தா பத்து நிமிஷத்துல வெட்டி குடுத்துடுவாங்கல்ல

சித்தப்பா: குடுப்பாங்க. ஓரமெல்லாம் கருகி வரும், அத விடு. போர்டு தான் வேணும்னா லேசர்ல குடு, நானே சொல்றேன். அக்காவுக்கு வேண்டியது போர்டா, ஞாயித்துக்கிழம மத்தியானம் முழுக்க வளைவு திருப்பிட்டு உக்கார்றதா? அத அவளே சொல்லட்டும்

அத்தை: போர்டு ரெண்டாவது தான்

மாமா: நான் எத்தனையாவது

தங்கச்சி: 🤣🤣🤣

அத்தை: பேப்பர எப்படி ஒட்டறது? நேரா மரத்துல பசை போட்டா அப்புறம் உரிக்க வருமா

சித்தப்பா: நேரா ஒட்டாத. முதல்ல மரத்து மேல பெயின்ட்காரங்க ஒட்டற நீல மாஸ்கிங் டேப், அதுக்கு மேல பேப்பர், அதுக்கும் மேல சாதாரண பேக்கிங் டேப் ஒரு லேயர். வேல முடிஞ்சதும் மொத்தமும் ஒண்ணா உரிஞ்சு வந்துடும். பேக்கிங் டேப் இருந்தா பிளேடு வழுக்கிட்டு போகும், மரம் கருகறதும் குறையும், நல்ல கெட்டி மரத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்

சித்தப்பா: 🎤 வாய்ஸ் மெசேஜ்

நான்: மீட்டிங்ல இருக்கேன் யாராவது டைப் பண்ணுங்க

தங்கச்சி: சித்தப்பா சொன்னது: முதல்ல உள்ள இருக்கற ஓட்டைங்க எல்லாம் வெட்டணும், வெளி ஓரம் கடைசியில, ஏன்னா வெளிய முதல்ல வெட்டிட்டா பிடிச்சுக்க மரமே இருக்காது. கூர் முனை வந்தா வேகமா வளைக்கக்கூடாது, தள்றத நிறுத்திட்டு பிளேடு ஓடிட்டு இருக்கும்போதே அதே இடத்துல பலகைய சுத்தணும், பிளேடு நின்ன இடத்துல நிக்கும் மரம் தான் சுத்தும். அப்புறம் மரத்த தள்ளவே கூடாதாம் "குடுத்துட்டே இருக்கணும்"னு சொல்றாரு. தள்ள வேண்டியிருந்தா பிளேடு மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், மாத்திடணும், மிச்சம் பிடிக்கக்கூடாது

நான்: 🙏

சித்தப்பா: ஒண்ணு விட்டுட்ட. புள்ளிய வெட்டாதன்னு சொன்னேன்ல. அவ்வளவு சின்ன வட்டத்த பிடிச்சுக்கிட்டு வெட்டினா விரல் பிளேடுகிட்ட போயிடும். ரவுண்டு மரக்குச்சி எடுத்து கைரம்பத்தால ஆறு மில்லி கனத்துக்கு வில்லை போட்டுக்கோ, புள்ளி ரெடி

அத்தை: ஆஹா

அப்பா: அதான் நான் அன்னைக்கே சொன்னேன் விரல் ஜாக்கிரதை

சித்தப்பா: ஆமாண்ணா. மத்த ரம்பம் மாதிரி இது மரத்த தூக்கி மூஞ்சில அடிக்காது, ஆனா பிளேடு மேல வரும்போது மரத்தையும் கூட தூக்க பாக்கும், படபடன்னு அடிக்கும், பயந்து கைய எடுத்துடக்கூடாது, ரெண்டு பக்கமும் தட்டையா அழுத்தி பிடிக்கணும். அந்த அழுத்தற கால் ஒண்ணு இருக்கு பாரு, நான் கழட்டிட்டேன், கோடு மறைக்குதுன்னு. நீ இப்போதைக்கு கழட்டாதக்கா. அப்புறம் பிளேடு ஒரு நாள் டப்புன்னு உடையும், அப்ப ஸ்விட்ச ஆஃப் பண்ணு, வேற ஒண்ணும் ஆகாது

ஞாயிறு

அத்தை: 📷📷📷

அத்தை: ந, ல, ர முடிஞ்சது. ஸ்பீட் ரொம்ப கம்மியா வெச்சேன், 400லேர்ந்து 1600 வரைக்கும் இருக்கு, 1600ல வெச்சா எனக்கு படபடப்பா இருக்கு

சித்தப்பா: "ர" அருமை!! "ல" சுழி உள்ள ஓட்டை போட்ட தடம் தெரியுது, ஓட்டைய கோட்ட ஒட்டி போடாம வேஸ்ட் பக்கம் நடுவுல போடு

தங்கச்சி: அத்தை எனக்கு ஓரம் பாக்கவே ஆசையா இருக்கு எப்படி இவ்வளவு வழவழன்னு

அத்தை: உப்புத்தாளே போடல இன்னும்

அண்ணன்: அத்தை பையனுக்கு ஒரு பசில் செஞ்சு தருவீங்களா, மேப் ஒட்டி வெட்டற மாதிரி

நான்: முதல் பசிலே மேப் தான்னு சொல்றாங்க தெரியுமா. 1760கள்ல லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு ஒருத்தர், மேப் செதுக்கற தொழில், மேப்ப பலகையில ஒட்டி நாட்டு எல்லைங்கள ஒட்டியே அறுத்து பசங்களுக்கு பூகோளம் சொல்லித்தர வித்தாரு

அண்ணன்: அப்ப ஒரு துண்டு ஒரு நாடா? குட்டி நாடெல்லாம் சோபா அடியில போயிடுமே

சித்தப்பா: அந்த காலத்துல கையாலயே அறுத்தாங்க, அக்காவுக்கு மோட்டார் இருக்கு. ரெண்டு ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணு டேப் போட்டு சேத்து வெட்டினா ஒரே வெட்டுல ரெண்டு பசில். மூணு மில்லி ப்ளைவுட் ரெண்டு சேந்தாலும் ஆறு தானே

அத்தை: முதல்ல "வ"வும் "வு"வும் முடியட்டும். "வு" வால் கீழ போய் சுத்தி வர்ற இடம் பாத்தாலே பயமா இருக்கு

சித்தப்பா: அந்த வால கடைசியில வெட்டு, அதுவரைக்கும் சுத்தி மரம் இருக்கட்டும். இருக்கற பிளேடு தீந்துடும், டஜனா வாங்கி வெச்சுக்கோ, ஒண்ணு ரெண்டுன்னு வாங்காத

மாமா: எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. டிவிக்கு புது ஸ்டாண்ட். நாலு அடி. பலகை வீட்டிலேயே இருக்கிறது

சித்தப்பா: அத்தான் நாலடி நேர் வெட்டெல்லாம் இந்த மெஷின் வேல இல்ல, ஆசாரிய கூப்பிடுங்க

மாமா: அப்படியானால் இந்த மெஷின் எதற்குத்தான்

அத்தை: வளைவுக்கு