பெரிய வீட்டுக் குளத்தில் தே தாரிக் நுரை

வாட்ஸ்அப் குழு: சுங்கை சிப்புட் பெரிய வீடு

புதன்கிழமை

முரளி (மாலை 5:40): [படம்]

முரளி (5:41): எல்லாரும் இதைப் பாருங்கள். நீச்சல் குளத்தில் நேற்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் வந்து விழுகிற மூன்று துளையிலிருந்தும் காற்றுக் குமிழி. மேலே வெள்ளை நுரை. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜொகூரிலிருந்து ஹோம்ஸ்டேக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்.

கலா (5:44): இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் மாதிரி இருக்கிறதே தம்பி 😂

முரளி (5:45): சிரிக்காதே அக்கா. குளம் கட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். நேரில் வந்து பார்க்கக்கூட இல்லை. பம்பு போய்விட்டது, மாற்ற 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்.

செல்வம் மாமா (5:52): மாப்பிள்ளை, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. பம்பு சுற்றுகிறதா இல்லையா?

முரளி (5:53): சுற்றுகிறது மாமா. சத்தம்தான் கொஞ்சம் கரகரவென்று வருகிறது.

செல்வம் மாமா (5:55): முன்னால் கண்ணாடி போல ஒரு மூடி இருக்குமே, அதற்குள் பார். தண்ணீர் முட்ட நிற்கிறதா?

முரளி (6:01): பாதிதான் நிற்கிறது. மேலே காற்று. கொதிக்கிற மாதிரி குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபில்டரில் அழுத்தம் காட்டுகிற முள் எப்போதும் 12 பிஎஸ்ஐயில் நிற்கும், இப்போது 6-க்கும் 9-க்கும் நடுவில் ஆடுகிறது.

செல்வம் மாமா (6:06): அப்படியென்றால் பம்பு போகவில்லை. காற்று குடிக்கிறது. செம்பனை ஆலையில் முப்பது வருடம் இந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். பம்புக்கு முன்னால் இருக்கிற பக்கம் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் நீ எவ்வளவு தேடினாலும் ஈரம் தெரியாது. கடையில் தே ஓ ஐஸ், அந்தப் பால் இல்லாத ஐஸ் தேநீர், பையில் கட்டிக் கொடுக்கிறான் அல்லவா, அந்த உறிஞ்சு குழாயில் ஊசி ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வாயில் பாதி காற்றுதான் வரும். அதேதான் இது.

முரளி (6:08): பம்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால்?

செல்வம் மாமா (6:09): அங்கே தள்ளுகிற பக்கம். தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்கே தெரியும். முதலில் நீர்மட்டம் சொல். மேல்தண்ணீரை இழுக்கிற ஸ்கிம்மர் வாய்க்குப் பாதி உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டையே இல்லாமல் காற்று போகும்.

முரளி (6:14): பாதிக்கு மேலேயே இருக்கிறது. உள்ளே ஆடுகிற கதவும் சிக்கவில்லை.

செல்வம் மாமா (6:16): சரி. ஹோஸ் பைப்பை எடு. பம்பு ஓடும்போதே அந்த மூடியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் ஊற்று. மோட்டார் பக்கம் படக்கூடாது, ஒயர் இருக்கிறது. உள்ளே குமிழி குறைகிறதா பார்.

முரளி (6:29): குறைகிறது மாமா!! தண்ணீர் ஊற்றும்போது பாதிக்கு மேல் குறைகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது.

செல்வம் மாமா (6:30): மூடியின் ரப்பர் வளையம். அந்த ஓ-ரிங்தான். காற்றுக்குப் பதிலாக உன் ஹோஸ் தண்ணீரை உறிஞ்சியது, அதுதான் குறைந்தது.

முரளி (6:31): இதோ திறந்து பார்க்கிறேன்

செல்வம் மாமா (6:31): நில்

செல்வம் மாமா (6:31): முதலில் சுவிட்சை அடை. அப்புறம் ஃபில்டர் தலையில் இருக்கிற காற்று வால்வைத் திறந்து விடு. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். தொட்டிக்குள் அடைபட்ட காற்று தண்ணீர் மாதிரி கிடையாது, அமுங்கிக் கிடக்கும். கிளாம்ப் தளர்ந்தால் மூடி வெடித்துக் கிளம்பும். பம்பைத் திரும்பப் போடும்போதும் அந்த வால்வு திறந்தே இருக்கட்டும், தண்ணீர் பீய்ச்சிய பிறகு மூடு.

சரோஜா அத்தை (6:33): முரளி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே பா.

முரளி (6:50): [படம்]

முரளி (6:51): திறந்துவிட்டேன். வளையம் பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. போன வருடம் சரியாக இருந்தது, இப்போது நீளமாகிவிட்ட மாதிரி தெரிகிறது.

செல்வம் மாமா (6:53): எதைத் தடவினாய்?

முரளி (6:54): வாசலின். மாதா மாதம் தடவுகிறேன் மாமா, காயக்கூடாது என்றுதான்.

செல்வம் மாமா (6:54): 🤦

தேவி (7:02): மாமா, தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். படத்தைக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “ரப்பரில் போய் மண்ணெண்ணெய்ச் சாதி எதையாவது தடவுவானா? நான் பதினாலு வயதில் பால்வெட்டுக்குப் போனவன். ஒட்டுப்பாலை மண்ணெண்ணெய் டின்னில் போட்டால் மறுநாள் காலை ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று கிடக்கும். இதை ரப்பர் தோட்டத்து ஆளின் பேரனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே.”

பவித்ரா (7:04): தாத்தா சொல்வது சரி. வாசலின் பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. அந்த வளையம் பெரும்பாலும் செயற்கை ரப்பர், இருந்தாலும் பல வகைக்குப் பெட்ரோலியம் ஆகாது, ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் தடவ வேண்டும், அதுவும் மெல்லிசாக.

தேவி (7:06): தாத்தா இன்னும் முடிக்கவில்லை 😄 கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரத்தை முரளிக்குச் சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டியதாகவும், எல்லாம் வீண் என்றும் சொல்கிறார்.

முரளி (7:07): அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது

கலா (7:15): காற்றுக் கதை சரி. நுரை? ஓ-ரிங்கை மாற்றினால் அதுவும் போய்விடுமா?

பவித்ரா (7:18): அதைத்தான் நானும் கேட்க வந்தேன். முரளி அண்ணா, ஒரு மினரல் வாட்டர் போத்தலை எடுங்கள். குளத்துத் தண்ணீரைப் பாதி பிடித்து, மூடி, பத்துத் தடவை நன்றாகக் குலுக்குங்கள். வெறும் காற்றுக் குமிழி என்றால் உடனே உடைந்துவிடும். நின்றால் தண்ணீரிலேயே ஏதோ இருக்கிறது.

முரளி (7:31): மூன்று நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கிறது.

பவித்ரா (7:33): அப்படியானால் இரண்டு வியாதி. பம்பு காற்றைக் கலக்கி அடிக்கிறது, தண்ணீரில் சோப்புக் குணம் இருப்பதால் அந்தக் காற்று நுரையாகிறது. தேநீரை வெறுமனே வைத்தால் நுரைக்குமா? இழுத்து ஆற்றினால்தானே நுரை வரும். கலா அக்கா சொன்ன உவமை சரியாகத்தான் இருக்கிறது.

கலா (7:34): பார்த்தாயா முரளி

பவித்ரா (7:35): என்னென்ன ஊற்றினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

முரளி (7:38): பாசி மருந்து மட்டும்தான். நீல நிறம். விருந்தாளி வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்.

பவித்ரா (7:38): கொஞ்சம் என்றால்?

முரளி (7:41): ஒரு லிட்டர் போத்தல்

தேவி (7:41): இரண்டு

முரளி (7:42): இரண்டாவது பாதிதான்

பவித்ரா (7:45): பின்னால் லேபிளில் பென்சால்கோனியம் குளோரைடு என்று போட்டிருக்கிறதா?

முரளி (7:47): ஆமாம், அதேதான்.

பவித்ரா (7:51): அதுவே ஒரு சோப்பு மாதிரிதான் அண்ணா. விலை குறைந்த பாசி மருந்தில் அதுதான் இருக்கும், அளவு மீறினால் கட்டாயம் நுரைக்கும். நுரைக்காத வகை ஒன்று உண்டு, பாலிகுவாட் என்று கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல். அது மட்டும்தானா? பிள்ளைகள் யாராவது ஷாம்பூ போட்டுவிட்டு நேராகக் குதித்தார்களா?

தேவி (7:54): ஷாம்பூ இல்லை பவி. ஆனால் தீபாவளிக்கு வந்த ஏழு பிள்ளைகளுக்கும் அத்தை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுவிட்டார்கள். பாதி அலசியதுமே எல்லாம் ஓடிப்போய்க் குளத்தில் விழுந்தன.

சரோஜா அத்தை (7:56): சீயக்காய் இயற்கைதானே! அது என்ன செய்யும்? எங்கள் தலைமுறை முழுக்க அதைத்தான் போட்டோம்.

பவித்ரா (8:00): தலைக்கு நல்லதுதான் அத்தை, நானும் போடுகிறேன். ஆனால் சீயக்காயில் இருக்கிற சபோனின்தான் நுரையைக் கொடுக்கிறது. பூந்திக்கொட்டையிலும் அதுதான் இருக்கிறது. அதோடு ஏழு தலை நல்லெண்ணெய். குளோரின் பாவம், பாசியைப் பார்க்குமா எண்ணெயைப் பார்க்குமா?

சரோஜா அத்தை (8:01): சரி சரி. எல்லாப் பழியும் என் மேல்தான்.

கலா (8:10): துணிக்குப் போடும் சாஃப்ட்னரைக் கொஞ்சம் ஊற்றினால் நுரை அடங்கிவிடும் என்று எங்கோ பார்த்தேனே.

பவித்ரா (8:11): வேண்டவே வேண்டாம் அக்கா!! சாஃப்ட்னரும் அந்தப் பாசி மருந்தின் பங்காளிதான். நுரைகொல்லி என்று விற்பதும் அப்போதைக்கு அடக்கும், அழுக்கு உள்ளேயே இருக்கும்.

பவித்ரா (8:24): கணக்குப் போட்டேன். குளம் 6 மீட்டர் நீளம், 3 அகலம், 1.2 ஆழம், அதாவது 21,600 லிட்டர். அண்ணா, நாளைக்கு நுரையை வலையால் அள்ளுங்கள், கால் பங்குத் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுங்கள். பிஎச் 7.2-லிருந்து 7.6-க்குள் இருக்கட்டும். பொழுது சாய்ந்த பிறகு 65 சதவீதக் குளோரின் தூள் 330 கிராம். அது குளோரினை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) ஏற்றும். பகலில் போட்டால் வெயிலே பாதியைத் தின்றுவிடும்.

பவித்ரா (8:26): தூளை வாளித் தண்ணீரில் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. மிதக்கிற டப்பாவில் குளோரின் மாத்திரை வைத்திருக்கிறீர்களே, தூளை அதற்குள் போடாதீர்கள், ஒரே கரண்டியையும் பயன்படுத்தாதீர்கள். இரண்டு குளோரினும் வேறு வேறு, கலந்தால் தீப்பிடிக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

செல்வம் மாமா (8:33): கால் பங்கு இறக்கினால் மட்டம் 30 சென்டிமீட்டர் இறங்கும், ஸ்கிம்மர் வாய் காய்ந்துவிடும். ஸ்கிம்மர் வால்வை மூடிவிட்டு, குளத்தின் அடியில் இருக்கிற குழாயில் மட்டும் இழு. அந்த நேரம் குளத்துக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது, அந்தக் குழாய் பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும்.

முரளி (8:35): சரி மாமா. தண்ணீரை லொங்காங்கில், அந்தச் சாக்கடையில், விடலாம்தானே? தாத்தா வாழைக்கு வேண்டாம் என்கிறார்.

வியாழக்கிழமை

முரளி (பகல் 1:20): ஈப்போ போய் வந்தேன். ஓ-ரிங், சிலிக்கான் கிரீஸ் இரண்டும் சேர்த்து 38 வெள்ளி. பள்ளத்தில் மணல் இருந்தது, துடைத்துவிட்டுப் போட்டேன். முள் 11. குமிழி முக்கால்வாசி போய்விட்டது.

செல்வம் மாமா (1:26): முக்கால்வாசி என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது.

முரளி (1:27): இது போதாதா மாமா?

செல்வம் மாமா (1:30): போதாது. முகச்சவர நுரை இருக்கிறதா? பம்பு ஓடும்போதே உறிஞ்சுகிற பக்கத்து இணைப்பு, வால்வுத் தண்டு, பம்புக்குக் கீழே தண்ணீர் வடிக்கிற சின்ன மூடி, எல்லாவற்றிலும் அப்பு. எங்கே குழி விழுகிறதோ அங்கேதான் காற்று போகிறது.

முரளி (2:05): [காணொளி]

முரளி (2:06): கீழ் மூடி! நுரையை அப்படியே விழுங்குகிறது பாருங்கள். போன மாதம் நான்தான் கழற்றினேன், டெஃப்லான் டேப் சுற்றாமல் முடுக்கிவிட்டேன்.

செல்வம் மாமா (2:08): பம்பை நிறுத்தி, பழைய பிசிரைச் சுரண்டிவிட்டு மூன்று சுற்றுச் சுற்று. கையால் முடுக்கினால் போதும், ஸ்பேனரை எடுக்காதே, பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

முரளி (2:40): ஒரு குமிழிகூட இல்லை. முள் 12-இல் ஆடாமல் நிற்கிறது. 1,800 வெள்ளி தப்பியது 🙏

கலா (2:41): அந்தப் பணத்தில் எனக்கு ஒரு புடவை

முரளி (இரவு 8:15): குளோரின் போட்டாயிற்று. வாளி, தனிக் கரண்டி, எல்லாம் பவி சொன்ன மாதிரியே.

சனிக்கிழமை

முரளி (காலை 11:50): [படம்]

முரளி (11:51): மூலையில் நூல் மாதிரி கொஞ்சம் நுரை. போத்தலில் குலுக்கினால் பத்து எண்ணுவதற்குள் போய்விடுகிறது. குளோரின் 5 காட்டுகிறது.

பவித்ரா (11:58): 3-க்கு இறங்கட்டும், அதுவரை யாரும் இறங்க வேண்டாம். இந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். மிச்ச நுரை இரண்டு மூன்று நாளில் போகும். பாசி மருந்தை இனித் தேவி அண்ணியே ஊற்றட்டும்.

சரோஜா அத்தை (மதியம் 12:10): அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன். எண்ணெய் தேய்க்கலாமா கூடாதா? இப்போதே சொல்லிவிடுங்கள்.

தேவி (மாலை 5:20): தேய்க்கலாம் அத்தை, ஆனால் தாத்தாவைத் தாண்ட வேண்டும். நாற்காலியைக் குளத்துக் கேட்டுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரின் தலையையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறார். ஜொகூர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் தேறிவிட்டார்கள். திருப்பி அனுப்பியது ஒருவரைத்தான்.

கலா (5:21): யாரை?

முரளி (5:24): இந்தச் செய்தி நீக்கப்பட்டது