ஸ்பீக்கர் றப்பர் விட்டுப்போச்சு: எந்தப் பசை நல்லது?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். அப்பாவின்ர பழைய எட்டு இஞ்சி ஸ்பீக்கர் சோடி ஒண்டு வீட்டில இருக்குது. ஒண்டில கோனை, அதுதான் சத்தத்துக்கு ஆடுற கூம்பை, சுத்தியிருக்கிற றப்பர் வளையம், வெளிப்பக்கம் இரும்பு பிரேமில ஒட்டின இடத்தில கால்வாசிக்குக் கிளம்பிட்டுது. தவில் சத்தம் வந்தா அந்த இடம் படபடவெண்டு அடிக்குது. கோன் கடதாசி, கிழியேல்ல. றப்பரும் இன்னும் மெதுவாத்தான் இருக்குது. ஹார்ட்வெயார் கடையில சுப்பர் குளூவை எடுத்து நீட்டினவை, வாங்காம வந்திட்டன். அப்பா பின்னேரத்தில கேக்கிற பெட்டி இது. எதால ஒட்டலாம்?

கிண்ணியா றேடியோ:
தம்பி, பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கன் டியூப் ஒண்டு போதும். இழுபடும், ஈரத்துக்கும் அசையாது.

கோணமலை:
நானா, சிலிக்கனை மட்டும் வேண்டாம் எண்டு சொல்லுவன். அது காயேக்க வினாகிரி மணம் வருமே, அது அசெற்றிக் அசிட். செம்புக் கம்பியையும் இரும்பையும் அரிக்கும். உரிச்சாலும் ஒரு படலம் நிக்கும், அதுக்கு மேல வேற பசை பிடிக்காது.

தம்பி, சுப்பர் குளூவை வாங்காதது நல்லது. காய்ஞ்சா விறைச்சுப்போகும். வளையம் விடாம ஆடுற சாமான், விறைச்ச பசை வெடிச்சு விட்டிடும், இல்லாட்டி றப்பரைக் கிழிக்கும். அரல்டைட்டும் அப்பிடித்தான்.

வெள்ளைப் பசை, அதுதான் பலகை ஒட்டுறது, போம் (ஸ்பொஞ்ச்) வளையத்தைக் கடதாசிக் கோனில ஒட்ட அருமையானது. ஆனா உங்கட இடத்தில ஒருபக்கம் றப்பர், மறுபக்கம் இரும்பு. பசையில இருக்கிற தண்ணி வெளியேற வழியில்லை. இந்தக் கடற்கரை ஈரத்தில அது திரும்ப இளகியும் போகும்.

உங்களுக்குச் சரியானது செருப்பு, தோல் ஒட்டுற மஞ்சள் றப்பர் பசை. காய்ஞ்ச பிறகும் வளைஞ்சு குடுக்கும். ரெண்டு பக்கமும் மெல்லிசாப் பூசி, விரல் வைச்சாப் பிசுபிசுக்காம வாற வரைக்கும் விட்டு, பிறகு அமத்த வேணும். தொட்ட உடன பிடிச்சிடும், நகர்த்தேலாது. முழு வளையமும் கழண்டிருந்தா இதைச் சொல்லமாட்டன், கோனை நடுவுக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காது. உங்களுக்கு முக்கால்வாசி பிடிச்சிருக்கிறதால கோன் தன்ர இடத்திலயே நிக்கும்.

பசையை விட முக்கியம், அது ஏன் விட்டது எண்டது. றப்பரை மெதுவா மடிச்சு உள்ளுக்குப் பாருங்கோ. உப்புக்காத்தில பிரேம் துருப்பிடிச்சிருக்கும், துருவுக்கு மேல பூசினா பசை துருவோடதான் ஒட்டும். துருவை எடுக்கேக்க இரும்புக் கம்பிப் பஞ்சைக் கிட்டவும் கொண்டுவராதேங்கோ. பின்னால பெரிய காந்தம் இருக்குது. ஒரு தூள் இழுபட்டு வொயிஸ் கொயில், அதுதான் கோனை ஆட்டுற கம்பிச் சுருள், இருக்கிற இடுக்குக்குள்ள போனா ஆயுசுக்கும் கரகரவெண்டு கேக்கும். காந்தப் பக்கத்தைப் பொலித்தீனால மூடி, ஸ்பீக்கரை நிமித்திப் பிடிச்சு, மெல்லிய மண்கடதாசியால கொஞ்சங் கொஞ்சமாத் தேயுங்கோ. ஒவ்வொரு தரமும் ஈரத்துணியால தூளை ஒத்தி எடுங்கோ. கடைசியா பார்மசியில வாங்கிற ஐசோபுரொப்பைல் அல்ககோலால ரெண்டு பக்கமும் துடைச்சுக் காயவிடுங்கோ.

மழை அடிக்கிற நாளில செய்யாதேங்கோ. பசையில இருக்கிற கரைப்பான் ஆவியாகேக்க மேல்பக்கம் குளிர்ந்து ஈரம் படியும், பிடிப்பு வராது. தென்மேற்கில இருந்து வாற கச்சான் காத்து அடிக்கிற காய்ஞ்ச நாள் நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கோ, அடுப்புக்குக் கிட்ட வேண்டாம்.

உப்புவெளிக்காரன்:
அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே மடிச்சுப் பாத்தன், உள்ளுக்கு முழுக்கத் துரு. அமத்தினாப் பிறகு என்னத்தால இறுக்கிப் பிடிக்கிறது? கோன் சரியா நிக்குதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

கோணமலை:
உடுப்புக் காயப்போடுற கிளிப்பை றப்பரில நேர போடாதேங்கோ, தழும்பு விழும். இடையில கட்டிக் கடதாசித் துண்டு வைச்சுப் போடுங்கோ. ஒரு நாள் முழுக்க அப்பிடியே விடுங்கோ. பிறகு ரெண்டு கையின்ர விரல்களாலும் கோனின்ர எதிரெதிர்ப் பக்கத்தை ஒரே அளவா, மெல்லமா உள்ளுக்கு அமத்திக் காதை வையுங்கோ. உரசிற சத்தம் இல்லையெண்டாச் சரி. முதல்ல குறைஞ்ச சத்தத்தில போடுங்கோ.

உப்புவெளிக்காரன்:
நன்றி அண்ணை. மற்ற ஸ்பீக்கரில ஒண்டும் விடேல்ல. அதுக்கும் முன்கூட்டியே பூசிவிடவோ?

கோணமலை:
வேண்டாம். வளையத்துக்கு மேல பசை பட்டா அந்த இடம் பாரமாகி, சத்தம் ரெண்டு பக்கமும் வேற வேறயாக் கேக்கும். விளிம்பை மட்டும் இடைக்கிடை பாத்துக்கொள்ளுங்கோ, கிளம்பினாச் செய்யலாம்.