பொருள்: கார்ட் டைம் – ‘காப்பு நேரம்’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். நாம் தயாரிக்கும் ரேடியோ மோடம் கையேட்டுக்குக் குழுமத்தில் வந்த கலைச்சொற்களில் இரண்டு இவை:

> கார்ட் டைம் = காப்பு நேரம்
> ரிமோட் மோடம் = தொலைநிலை மோடம்

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதல் சொல்லைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ரேடியோ மோடம் என்பது தரவைக் கம்பியில்லாமல் ரேடியோ அலையில் அனுப்பி வாங்கும் பெட்டி. அது தரவு நிலையில் இருக்கும்போது, உள்ளே எந்த எழுத்து வந்தாலும் அப்படியே காற்றில் அனுப்பிவிடும். நாம் சொல்வதைக் கேட்டு அமைப்புகளை மாற்றும் கட்டளை நிலைக்குக் கொண்டுவர +++ அடிக்கிறோம். சரி, அனுப்பும் தரவுக்குள்ளேயே +++ வந்துவிட்டால்? அதற்குத்தான் முன்னும் பின்னும் ஒரு நொடி எந்த எழுத்தும் வரக்கூடாது என்ற நிபந்தனை. அந்த ஒரு நொடிதான் கார்ட் டைம். ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தின் வழியில் வந்த ஏற்பாடு. அந்நிறுவனத்தின் டேல் ஹெதரிங்டன் பெயரில் 1985இல் காப்புரிமையும் பதிவாயிற்று. அந்த ஒரு நொடியில் மோடம் கவனிப்பது அமைதியை மட்டும்தான். ஆகவே ‘அமைதி நேரம்’ என்பது என் பரிந்துரை.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை ரேடியோவில் வாங்கும் பெட்டிகளை மாட்டுகிற பையன்களுக்காகத்தான் இந்தக் கையேடு. அவர்கள் +++ அடித்த கையோடு என்டரையும் தட்டிவிடுவார்கள், பழக்கதோஷம். என்டரும் ஓர் எழுத்துதான்; அமைதி கலைந்துவிடும், ஓகே என்ற பதில் வராது. மோடம் அவுட் என்று கழற்றித் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ‘அமைதி நேரம்’ என்று எழுதியிருந்தால், கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று படித்தவுடனே புரியும். ‘காப்பு’ என்றாலோ எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டுவதுதான்! அந்தச் சொல்லை வீணாக்கவும் வேண்டாம். இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவே சும்மா விடும் இடத்துக்குக் ‘காப்புப் பட்டை’ தேவைப்படும்.

அடுத்து, ரிமோட். கட்டளை நிலை, தரவு நிலை என்று வைத்துவிட்டுத் ‘தொலைநிலை’ என்றால் மூன்றாவதாக இன்னொரு நிலை இருப்பதாகவே எண்ணுவார்கள். ‘எதிர்முனை’ போதும்; ஃபோனில் எல்லாரும் சொல்வதுதானே. எஸ்ஐகே என்ற உள்மென்பொருளில் இயங்கும் மோடங்களில் ஏடி என்று தொடங்கும் கட்டளை நம் கையிலுள்ள மோடத்துக்கு, ஆர்டி என்று தொடங்குவது எதிர்முனைக்கு. ஒன்றோடொன்று பேசும் மோடங்களுக்குப் பொதுவான வலை எண் எல்லாவற்றிலும் 25 என்றே அமைந்து வரும். பக்கத்துத் தோட்டத்திலும் அதே மோடம் இருந்தால் எண்ணை மாற்றியாக வேண்டும். அப்போது எதிர்முனையை முதலில் மாற்றிச் சேமித்து மறுதொடக்கம் செய்துவிட்டு, அப்புறம்தான் இம்முனை. வரிசை மாறினால் தொடர்பு அறுந்துவிடும், தொட்டிமேல் ஏற வேண்டியதுதான். ‘எதிர்முனை முதலில், இம்முனை பிறகு’ என்று நாலே சொல்லில் எழுதிவிடலாம்.

மோடம் மோடமாகவே இருக்கட்டும். ‘பண்பேற்றி-பண்பிறக்கி’யைப் பெட்டியின் லேபிளில் அச்சடிக்கவே இடம் போதாது.

எஸ்கேப் சீக்வென்ஸ் எனப்படும் +++ குறியீட்டுக்கு ‘தப்பிப்பு வரிசை’ என்று வந்த பரிந்துரையை ஏற்க முடியவில்லை. ‘நிலைமாற்றுக் குறி’ என்று வைக்கலாமா? இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், கையேடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுகிறேன்.